கெட்டிலுக்குத் தடை வேண்டாம், சாக்கெட்டைப் பாருங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். ஷிஃப்ட் காரணமாகக் கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயற்குழு கேட்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



எனக்கு மேடைப் பேச்சு வராது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். மோட்டார், பேனல், சென்சார் இவற்றோடுதான் என் பொழுது போகிறது. "கெட்டில் விஷயத்தை எல்லோருக்கும் புரிகிற மாதிரி நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று செயலாளர் சார் கேட்டார். ஒரு கெட்டிலுக்காகக் கூட்டமா என்று சிலர் சிரித்தீர்கள். ஆனால் இந்தக் கூட்டத்தின் மூன்றாவது தீர்மானமே அதுதான்: "வாடகைக்கு விடப்பட்ட வீடுகளில் எலக்ட்ரிக் கெட்டில் பயன்படுத்தத் தடை." அதற்கு ஏன் கை தூக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். அதோடு, கெட்டில் வாங்குவதும் பராமரிப்பதும் எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு இருப்பவர்களுக்கு மட்டும் இல்லை, சொந்த வீட்டுக்காரர்களுக்கும்தான்.

நடந்தது என்ன

பி பிளாக், மூன்றாம் மாடி. விடியற்காலை நாலரை மணி. முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும் நான்கு தம்பிகள் தங்கியிருக்கும் வீடு. பக்கத்து வீட்டு அக்கா கோலம் போடக் கதவைத் திறந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்திருக்கிறது. கதவைத் தட்டி, மெயினை அணைக்கச் சொல்லி, எனக்குப் போன் செய்தார். நான் போய்ப் பார்த்தபோது ஹாலில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒரு பக்கம் உருகி, தரையில் விரித்திருந்த பாயின் ஓரம் பழுப்பேறி இருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அங்கே என்னைக் கவலைப்பட வைத்தது வேறு ஒன்று. எம்.சி.பி. விழவே இல்லை. எல்லா சுவிட்சும் மேலே இருந்தபடி இருந்தன. நம்மில் பலர் "எம்.சி.பி. இருக்கிறதே, ஏதாவது ஆனால் அதுவே விழுந்துவிடும்" என்று நம்பித்தான் தூங்குகிறோம்.

நம் கம்பெனிகளில் இப்படி நூலிழையில் தப்பியதை 'நியர் மிஸ்' என்று எழுதி வைப்போம். எழுதியதும் யார் செய்தது என்று கேட்க மாட்டோம். ஏன் நடந்தது என்று கேட்போம். பதில் வந்தால் அதற்கும் ஒரு 'ஏன்' கேட்போம். அன்று அந்த வீட்டிலும் அதைத்தான் செய்தேன்.

ஏன் உருகியது? பிளக்கின் பின், சாக்கெட்டில் இறுக்கமாக உட்காராமல் சூடேறியது. ஏன் இறுக்கம் இல்லை? கெட்டிலின் பெரிய பின்னைச் சின்ன சாக்கெட்டில் செருக ஒரு கன்வர்ட்டர் போட்டிருந்தார்கள். ஏன் கன்வர்ட்டர்? ஹாலில் பவர் சாக்கெட் கிடையாது. சமையலறையில் இருக்கிறதே, அங்கே ஏன் வைக்கவில்லை? "அது எட்டு மாசமா வேலை செய்யலக்கா. ஓனர் சார்கிட்ட சொன்னோம். பார்க்கலாம்னு சொன்னார்."

அதற்கு மேல் 'ஏன்' கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வீட்டு உரிமையாளரைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. அன்று காலை நான் வீடு திரும்பி என் சமையலறையைப் பார்த்தேன். மிக்ஸிக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஒரு கன்வர்ட்டர். மாமியார் காலையில் சுடுதண்ணீர் வைப்பது அதில்தான். நாள் முழுக்க மின்சாரத்தோடு வேலை செய்கிற என் வீட்டிலேயே அது இரண்டு வருடமாக இருந்திருக்கிறது. கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் காப்பி குடித்தேன்.

தடை போட்டால் என்ன ஆகும்

நான் இந்தப் பக்கம் வந்தது பதினெட்டு வயதில். டிப்ளமோ முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. தங்கியது ஒரு லேடீஸ் ஹாஸ்டல். ஒரு அறைக்கு ஆறு பேர். அங்கே கெட்டிலுக்குத் தடை இருந்தது. பார்த்தால் பறிமுதல், அபராதம் வேறு.

எங்கள் அறையில் கெட்டில் இல்லையா? இருந்தது. துணி அலமாரிக்குள் இருந்தது. இரவு ஷிஃப்ட் முடித்து வந்தால் மெஸ் மூடியிருக்கும். மாதவிலக்கு நாளில் ஒரு டம்ளர் சுடுதண்ணீருக்குக் கீழே போய் நிற்க முடியாது. அதனால் அலமாரிக் கதவைத் திறந்து, உள்ளேயே வைத்துக் கொதிக்க வைப்போம். ஆவி சுடிதார்களில் படும். வாசலில் ஒருத்தி காவல் நிற்பாள். ஒரு நாள் வார்டன் வரும் சத்தம் கேட்டு, கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலை ஒருத்தி அவசரமாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மூடி திறந்து தண்ணீர் அவள் பாதத்தில் கொட்டியது. வலியைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு வார்டன் போகும்வரை போர்வைக்குள் படுத்திருந்தாள். அதனால் உடனே தண்ணீரில் காலை வைக்கக்கூட முடியவில்லை. மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. சம்பளமும் போனது. அந்தத் தழும்பு இன்றும் அவள் காலில் இருக்கிறது.

தடை போட்டதால் கெட்டில் ஹாஸ்டலை விட்டுப் போகவில்லை. அலமாரிக்குள் போனது. நாம் தடை போட்டாலும் அதுதான் நடக்கும். சாக்கெட் சரியில்லை என்று நம்மிடம் வந்து சொல்ல வேண்டிய தம்பி, சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று வாயை மூடிக்கொள்வான்.

நம் சுற்றுவட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை, மாத்தூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று இந்தச் சாலை முழுக்க ஷிஃப்டில் ஓடுகிற ஊர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. அதில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அப்படி இடம் கிடைக்காதவர்கள் நம்மைப் போன்ற குடியிருப்புகளில்தான் நான்கு பேர், ஐந்து பேராகச் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள். பலருக்கு கேஸ் இணைப்பு கிடையாது. அவர்களுக்கு அடுப்பு என்றால் அந்தக் கெட்டில்தான். அதைப் பிடுங்கினால் வாட்டர் ஹீட்டர் ராடை பக்கெட்டில் போடுவார்கள். தானாக அணையும் வசதிகூட இல்லாத சாதாரண ராடு கெட்டிலைவிடப் பல மடங்கு ஆபத்து.

கெட்டில் எப்படித் தானாக அணைகிறது

கெட்டிலைச் சரியாகப் பயன்படுத்த அதன் உள்ளே நடப்பது கொஞ்சம் தெரிந்தால் போதும். 1955-இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல் ஹாப்ஸ் நிறுவனம் தானாக அணையும் கெட்டிலைக் கொண்டுவந்தது. அதில் இருந்த அதே யோசனைதான் இன்று நம் வீட்டுக் கெட்டிலிலும் இருக்கிறது. தண்ணீர் கொதிக்கும்போது ஆவி, மூடிக்குப் பின்னால் உள்ள சிறு துளை வழியாகக் கைப்பிடிப் பக்கம் போகிறது. அங்கே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சின்னத் தகடு இருக்கிறது. சூட்டில் ஒரு உலோகம் அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் விரிவதால் தகடு 'டக்' என்று வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடும். நாம் கேட்கும் அந்தச் சத்தம் இதுதான்.

தண்ணீரின் சூட்டை அந்தத் தகடு நேரடியாகப் பார்ப்பதில்லை. ஆவி வந்தால்தான் அதற்குத் தெரியும். அதனால் மூடி திறந்திருந்தால் கெட்டில் அணையாது. 'மேக்ஸ்' கோட்டுக்கு மேலே நிரப்பினாலும், அந்தத் துளையில் பால் ஆடையோ உப்போ அடைத்தாலும் அதே கதிதான். தண்ணீர் வற்றும்வரை கொதிக்கும். வற்றிய பிறகு அடியில் உள்ள இன்னொரு பாதுகாப்புத் தகடு மின்சாரத்தைத் துண்டிக்கும். அது கடைசி அரண். தினமும் அதை நம்பக்கூடாது.

இன்று இரவே ஒரு சோதனை செய்யுங்கள். அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, மூடியை அழுத்தி மூடி, பக்கத்திலேயே நின்று பாருங்கள். நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு அரை நிமிடத்துக்குள் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் துளையைச் சுத்தம் செய்து ஒருமுறை பாருங்கள். அப்போதும் அணையவில்லை என்றால் அந்தக் கெட்டிலைப் பயன்படுத்தாதீர்கள்.

சாக்கெட் கணக்கு

கெட்டிலின் அடியில் வாட் அளவு எழுதியிருக்கும். நம் வீடுகளில் அதிகம் இருப்பது 1500 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் 6.5 ஆம்பியர். சுவரில் இருக்கும் சின்ன சாக்கெட், நாம் வழக்கமாக 'அஞ்சு ஆம்ப்ஸ்' என்று சொல்வது, 6 ஆம்பியருக்கானது. பெரிய பவர் சாக்கெட் 16 ஆம்பியருக்கானது. 1500 வாட் கெட்டிலின் இடம் பவர் சாக்கெட்தான். கன்வர்ட்டர் போட்டால் பின்தான் மாறும், உள்ளே இருக்கும் ஒயர் மாறாது.

இனி, எம்.சி.பி. ஏன் விழவில்லை என்பதற்கு வருகிறேன். எம்.சி.பி. பார்ப்பது எவ்வளவு கரன்ட் போகிறது என்பதை மட்டும்தான். 6.5 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பின் தளர்வாகத் தொடும் இடத்தில் வெறும் அரை ஓம் தடை இருந்தால், அந்தச் சின்னப் புள்ளியில் மட்டும் 21 வாட் வெப்பம் உண்டாகும். சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட். ஒரு சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து ஆன் செய்தால் என்ன ஆகுமோ அதுதான் அன்று ஆனது. ஆர்.சி.சி.பி. இருந்தாலும் இதைக் கண்டுபிடிக்காது. அது ஷாக் அடிக்காமல் காப்பாற்றும் கருவி. அது கட்டாயம் வேண்டும், ஆனால் அதன் வேலை வேறு. தளர்ந்த பிளக்கைக் கண்டுபிடிக்க நம்மிடம் இருப்பது மூக்கும் கையும்தான்.

கெட்டில் அணைந்ததும் சுவிட்சை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பின்னை லேசாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் சாக்கெட்டை மாற்ற வேண்டும். சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்பு நிறம் இருந்தாலும் அதே பொருள்தான்.

ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டு கெட்டிலும் ஒரு 1000 வாட் அயர்ன் பாக்ஸும் ஓடினால் 17 ஆம்பியர் ஆகிவிடும். ஷிஃப்டுக்கு முன்னால் அவசரத்தில் இது நடக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செல்போனுக்கும் டேபிள் ஃபேனுக்கும் போதும். கெட்டிலுக்கு வேண்டாம்.

ஜெனரேட்டர் ஓடும்போதும் கெட்டிலைப் போடாதீர்கள். பேக்கப்பில் ஒரு வீட்டுக்கு ஒதுக்கிய அளவை அது தாண்டிவிடும். "லைட் போச்சு" என்று செக்யூரிட்டி அண்ணனைத் திட்டுவதில் பயன் இல்லை.

வாங்கும்போது

பவர் சாக்கெட் உள்ள வீடு, மூன்று நான்கு பேர் என்றால் ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர், 1500 வாட் சரியாக இருக்கும். ஒரு லிட்டர் கொதிக்கச் சுமார் நான்கு நிமிடம். பவர் சாக்கெட் இல்லாத அறையில் தனியாக இருப்பவர் 600 வாட், அரை லிட்டர் கெட்டில் வாங்குங்கள். அது இழுப்பது 2.6 ஆம்பியர்தான், சின்ன சாக்கெட்டே தாங்கும். அரை லிட்டர் கொதிக்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் பல் துலக்கிவிடலாம்.

கடையில் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கை போகாத கெட்டிலைச் சுத்தம் செய்ய முடியாது. உட்புறம் ஸ்டீலாக இருக்கட்டும். சுருள் வெளியே தெரியும் மாடலைவிட, அடித்தட்டு சமமாக இருப்பது துடைக்க எளிது. தானாக அணையும் வசதி, வற்றினால் துண்டிக்கும் வசதி இரண்டும் இருக்கிறதா என்று பெட்டியில் படியுங்கள். மூன்று பின் பிளக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பாருங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் வெளிப்புறம் அதிகம் சுடாத இரட்டைச் சுவர் மாடல் நல்லது. ஒயர் குட்டையாக இருக்கிறதே என்று குறைப்படாதீர்கள். மேடையிலிருந்து தொங்கி, குழந்தை இழுத்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி. பில்லையும் வாரன்டி அட்டையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மின்கட்டணம் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கச் சுமார் 0.1 யூனிட். ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்றால் இரண்டு மாத பில்லில் 24 யூனிட். ஒரு டம்ளர் காப்பிக்கு ஒன்றரை லிட்டர் கொதிக்க வைத்து மீதியை ஆறவிடுவதுதான் வீண். தேவையான அளவு மட்டும் ஊற்றுங்கள். ஆனால் 'மின்' கோட்டுக்குக் கீழே போகாதீர்கள்.

நம் தண்ணீரும் வெள்ளைப் படிவும்

நம் போர்வெல் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடினத்தன்மைதான் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கால்சியம் கார்பனேட்டாக மாறி ஒட்டிக்கொள்கிறது. முட்டை ஓட்டில் இருப்பதும் அதுதான். விஷம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் அடித்தட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் போர்வை போலப் படுத்துவிடும். அடியில் சூடு தேங்கி, கொதிப்பதற்கு முன்பே கெட்டில் அணையத் தொடங்கும். "கெட்டில் கெட்டுப்போச்சு" என்று தூக்கிப் போடும் பல கெட்டில்களுக்கு வியாதி இதுதான்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு, ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை. 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் நான்கு லிட்டர் கொதிக்க வைத்தால் ஒரு மாதத்தில் அந்தக் கெட்டில் வழியாக 36 கிராம் போகிறது. அதில் ஒரு பகுதிதான் படியும் என்றாலும், தட்டை மூட அது போதும். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றினால் படிவு வெகுவாகக் குறையும்.

சுத்தம் செய்வது எளிது. மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட், எலுமிச்சை உப்பு என்றும் சொல்வார்கள், இரண்டு டீஸ்பூன் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். அணைந்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு அதில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மொத்தமாகப் போட்டால் பொங்கும். அரை மணி நேரம் விட்டு ஊற்றிவிட்டு, மென்மையான துணியால் துடையுங்கள். புதுத் தண்ணீரை ஒருமுறை கொதிக்க வைத்துக் கொட்டிவிடுங்கள். போர்வெல் தண்ணீர் என்றால் மாதம் ஒருமுறை, ஆர்.ஓ. என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். கம்பி நாரால் தேய்க்காதீர்கள். கத்தியால் சுரண்டாதீர்கள். குழாயடியில் முழுதாக நனைத்துக் கழுவாதீர்கள். கெட்டிலின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தால் துடைத்த பிறகே பேஸ் மேல் வையுங்கள்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு எல்லாம் போய்விடாது. உப்புத் தண்ணீர் கொதித்தாலும் உப்புத் தண்ணீர்தான்.

காப்பி, டீ, நூடுல்ஸ்

கெட்டிலில் தண்ணீரைத் தவிர எதையும் ஊற்றாதீர்கள். பால் ஊற்றினால் அடியில் பிடித்துக் கருகும், பொங்கி ஆவித் துளைக்குள் போகும், அப்புறம் கெட்டில் அணையாது. சர்க்கரை சிந்தினால் பேஸுக்குள் எறும்பு குடியேறும். நூடுல்ஸ், முட்டை இவற்றுக்கென்று அகன்ற வாய் வைத்த மல்டி குக்கர் தனியாக விற்கிறது. அது வேறு சாமான்.

பால் இல்லாமல் எப்படிக் காப்பி என்று கேட்பீர்கள். அடுப்பு உள்ள வீட்டில் பால் அடுப்பில், தண்ணீர் கெட்டிலில். ஃபில்டரில் தூளைப் போட்டு லேசாக அழுத்தி, கெட்டில் அணைந்து அரை நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள். டிகாக்ஷன் கசக்காமல் இறங்கும். டீக்கு அப்படிப் பொறுக்க வேண்டாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூன்று நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள்.

அடுப்பு இல்லாத தம்பி தங்கைகளுக்கு: டிகாக்ஷனிலோ டீயிலோ பால் பவுடர் கலக்கலாம். பாக்கெட் பால்தான் வேண்டும் என்றால், ஒரு சின்ன ஸ்டீல் சொம்பில் பாலை ஊற்றி, அதைச் சுடுதண்ணீர் உள்ள பாத்திரத்தில் வைத்து எடுங்கள். சூடாகிவிடும். நூடுல்ஸை ஸ்டீல் டிபன் பாக்ஸில் போட்டு, கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். சளி பிடித்தால் சுக்குப் பொடியையும் கருப்பட்டியையும் ஃபிளாஸ்கில் போட்டுக் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடினால் சுக்குக் காப்பி தயார். கெட்டில் கெட்டிலாகவே இருக்கும்.

சுடுதண்ணீர் பட்டுவிட்டால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் அந்த இடத்தில் ஓடவிடுங்கள். பற்பசை, மை, காப்பித் தூள், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். குழந்தை என்றாலோ, காயம் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். என் தோழிக்கு அந்த இருபது நிமிடம் கிடைத்திருந்தால் அவள் கால் அவ்வளவு மோசமாகியிருக்காது.

நான் கேட்பது

வீட்டு உரிமையாளர்களே, உங்களிடம் கேட்பது மூன்று. வாடகை வீட்டுச் சமையலறையில் வேலை செய்யும் 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றாவது இருக்கட்டும். ஹாலில் ஆள் தங்கினால் அங்கேயும் ஒன்று, அதற்கு ஏற்ற ஒயரோடு. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைதாரர் "சாக்கெட் வேலை செய்யல" என்று சொன்னால் அன்றே எலக்ட்ரீஷியனை அனுப்புங்கள். எட்டு மாதம் வேண்டாம்.

வாடகைக்கு இருப்பவர்களே, உங்களிடம் கேட்பதும் மூன்று. கன்வர்ட்டரையும் எக்ஸ்டென்ஷனையும் கெட்டிலுக்குப் பயன்படுத்தாதீர்கள். பாய்க்குப் பக்கத்தில் தரையில் வைக்காதீர்கள். கிளம்பும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிளம்புங்கள். கருகல் வாடை வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னதற்காக யாரும் உங்களைத் திட்டக்கூடாது என்பதற்கு நான் பொறுப்பு.

சங்கத்திடம் கேட்பது ஒன்று. தடைத் தீர்மானத்துக்குப் பதிலாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டு பவர் சாக்கெட்டையும் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். டெஸ்டரை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். என்னைப் போல எலக்ட்ரிக்கல் தெரிந்தவர்கள் இந்தக் குடியிருப்பில் பத்துப் பேராவது இருப்பார்கள். அரை நாளில் முடிந்துவிடும்.

பி பிளாக் வீட்டுக்குப் புது சாக்கெட் வந்துவிட்டது. உரிமையாளர் தானே வந்து நின்று மாற்றிக் கொடுத்தார். அடுத்த வாரம் அந்தத் தம்பிகள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்சம் சர்க்கரை அதிகம், மற்றபடி நன்றாக இருந்தது.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுக் கெட்டிலை ஒருமுறை கொதிக்க வைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சங்க அலுவலகத்தில் எழுதி வையுங்கள்.

(பின்குறிப்பு: மூன்றாவது தீர்மானம் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு விடப்படவில்லை. சாக்கெட் சோதனை முடிந்த பிறகு அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. சோதனைக்கு வீட்டைத் திறந்து தர விரும்புவோர் பிளாக் பிரதிநிதியிடம் பெயர் கொடுக்கவும்.)